பழச்சாற்றை அளந்த கதை



சித்தூரில் என் தமக்கையின் இல்லம் இருக்கிறது. 1911-ஆம் ஆண்டு வரை அவ்வூர் வட ஆற்காடு மாவட்டத்தின் தலைநகராக விளங்கியது. பின்னர்த் தனி மாவட்டமாகி, 1953-இல் ஆந்திர மாநிலத்தோடு சேர்ந்தது. 1960-இல் திருத்தணிப் பகுதி மட்டும் தமிழ்நாட்டோடு இணைந்தது. எல்லைகள் இப்படி மாறியபோதும் அவ்வூர்க் கடைத்தெருவில் தமிழும் தெலுங்கும் இன்றும் அருகருகே நடமாடுகின்றன. நாம் நெல்லிக்காய் என்பதை அங்கே உசிரிக்காய் என்பர். சாத்துக்குடியைச் சீனிக்காய் என்றும் பத்தாயி என்றும் அழைப்பர். தில்லியில் குடியேறிய எனக்கு அவை ஆம்லா என்றும் மோஸம்பி என்றும் பெயர் மாறி வந்து சேர்கின்றன.

சென்ற கோடையில் நான் அங்குச் சென்றிருந்தபோது, திருப்பதியில் கல்லூரிப் படிப்பு படிக்கும் என் மருமகன் விடுமுறைக்கு வந்திருந்தான். ரசாயனம் அவனுடைய பாடம். "மாமா, இந்தச் சாத்துக்குடிச் சாற்றில் எத்தனை மில்லிகிராம் வைட்டமின் சி இருக்கிறது என்று சமையலறையிலேயே கண்டுபிடித்துக் காட்டட்டுமா?" என்றான். மருந்துக் கடையில் வாங்கிய டிங்க்சர் அயோடின், ஒரு துளிசொட்டி, வைட்டமின் சி மாத்திரை ஒன்று, என் தமக்கை வடித்து வைத்திருந்த கஞ்சித் தண்ணீர் ஆகிய இவ்வளவே அவனுடைய சாதனங்கள்.

500 மில்லிகிராம் மாத்திரையை அரை லிட்டர் நீரில் கரைத்தான். அவ்வாறு கரைத்தால் ஒரு மில்லி லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் என்ற கணக்காகிறது. அதில் பத்து மில்லி லிட்டரை ஒரு குவளையில் ஊற்றி, சிறிது கஞ்சித் தண்ணீர் சேர்த்து, அயோடினைத் துளித்துளியாக விட்டான். ஒவ்வொரு துளியும் விழுந்தவுடன் ஒரு கருநீலப் புகை தோன்றி, குவளையை அசைத்ததும் மறைந்தது. ஒரு கட்டத்தில் விழுந்த துளியின் நீலம் மறையாமல் நின்றுவிட்டது. அதுவரை விழுந்த துளிகளை எண்ணிக்கொண்டான். பின்பு அதே அளவு பழச்சாற்றை எடுத்து அவ்வாறே செய்தான். எடுத்துக்காட்டாக, மாத்திரைக் கரைசலுக்கு 20 துளி சென்று, சாற்றுக்கு 10 துளி சென்றால், அச்சாற்றின் ஒரு மில்லி லிட்டரில் அரை மில்லிகிராம் வைட்டமின் சி உண்டு என்று பொருள். முக்கூட்டு விதி அறிந்த எவரும் போடக்கூடிய கணக்கு இது.

சாற்றில் ஒரு பகுதியை நன்றாகக் கொதிக்க வைத்து ஆறவிட்டு மீண்டும் சோதித்தான். இம்முறை நீலம் முன்னமே வந்து நின்றுவிட்டது. "கொதித்ததில் சத்து போய்விட்டது, மாமா" என்றான்.

அந்தச் சொல் என் உள்ளத்தில் தைத்தது. காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் கடற்பயணிகளின் உடல்நலம் பற்றிய ஒரு சிறு நூலை நான் மொழிபெயர்க்க நேர்ந்தது. அதில் லெமன் என்றும் லைம் என்றும் இரு சொற்கள் மாறி மாறி வந்தன. நான் இரண்டுக்கும் எலுமிச்சை என்றே எழுதிவிட்டேன். வேறென்ன எழுதுவது? தமிழில் எலுமிச்சை, தெலுங்கில் நிம்மகாய, இந்தியில் நீம்பூ; நம் மொழிகளுக்கு ஒரு சொல் போதுமாயிருந்தது. நூலைச் சரிபார்த்த முதியவர் ஒருவர் கைப்பிரதியைத் திருப்பி அனுப்பி, "இந்த இரண்டையும் ஒன்றென்று எண்ணியதால்தான் மனிதர்கள் மாண்டார்கள், நீங்களும் அதையே செய்திருக்கிறீர்கள்" என்று ஓரத்தில் எழுதியிருந்தார். வெட்கத்தோடு அந்த வரலாற்றைத் தேடிப் படித்தேன். அதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகின்றேன்.

கதை கடலில் தொடங்குகிறது. 1497-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் லிஸ்பனிலிருந்து புறப்பட்ட வாஸ்கோ ட காமா, 1498 மே மாதத்தில் கோழிக்கோட்டை அடைந்தார் என்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். திரும்பும் வழியில் அரபிக் கடலைக் கடக்க அவருக்கு ஏறத்தாழ மூன்று மாதங்கள் பிடித்தன என்பதைப் பலர் அறியார். காற்று துணை செய்யவில்லை. மாலுமிகளின் ஈறுகள் பற்களை மூடுமளவுக்கு வீங்கின, கைகால்கள் பருத்தன, முப்பது பேர் இறந்தனர். 1499 ஜனவரியில் ஆப்பிரிக்கக் கரையிலுள்ள மாலிந்தியை அடைந்தபோது, எஞ்சியவர்கள் முதலில் விரும்பிக் கேட்டது ஆரஞ்சுப் பழம். ஸ்கர்வி என்னும் நோய்க்கு மருந்து எது என்பதை அனுபவம் அவர்களுக்கு அப்போதே உணர்த்தியிருந்தது.

ஆயினும் அனுபவம் வேறு, நிரூபணம் வேறு. நிரூபணம் வர இருநூற்றைம்பது ஆண்டுகள் ஆயின. 1747-ஆம் ஆண்டு மே மாதம் ஆங்கிலக் கடற்படையைச் சேர்ந்த ஸாலிஸ்பரி என்ற கப்பலில் மருத்துவராக இருந்த ஜேம்ஸ் லிண்ட், ஸ்கர்வி கண்ட பன்னிருவரைத் தேர்ந்தெடுத்து, இருவர் இருவராக ஆறு பிரிவாக்கினார். எல்லாருக்கும் ஒரே உணவு. ஆனால் மருந்து மட்டும் ஒவ்வொரு பிரிவுக்கும் வேறு. ஆப்பிள் மது, நீர் கலந்த கந்தக அமிலம், காடி, கடல்நீர், வாசனைச் சரக்குகள் சேர்த்த களிம்பு என ஐந்து பிரிவுகளுக்கு ஐந்து வகை அளிக்கப்பட்டன. ஆறாம் பிரிவினர் இருவருக்கு நாளொன்றுக்கு இரண்டு ஆரஞ்சும் ஒரு லெமனும் கொடுக்கப்பட்டன. ஆறே நாளில் கப்பலிலிருந்த பழம் தீர்ந்துவிட்டது. ஆனால் அதற்குள் அவ்விருவரில் ஒருவர் பணிக்குத் தகுதி பெற்றார். மற்றவர் ஏனைய நோயாளிகளுக்குப் பணிவிடை செய்யும் அளவுக்குத் தேறினார்.

இவ்வளவு தெளிவாகக் கண்ட லிண்டே அடுத்த படியில் இடறினார். நீண்ட பயணத்தில் பழம் அழுகுமே என்று கருதி, சாற்றைச் சூட்டில் வற்றவைத்துக் குழம்பாக்கிப் புட்டியில் அடைக்கச் சொன்னார். அந்தச் சூட்டில் சத்தின் பெரும்பகுதி அழிந்துவிடும் என்பதை அவர் எவ்வாறு அறிவார்? சித்தூர்ச் சமையலறையில் என் மருமகன் பத்து நிமிடத்தில் கண்டதைக் காண, லிண்டுக்கு ஓர் அளவுகோல் இல்லை. நிறமும் மணமும் புளிப்பும் இருந்தன; சத்து மட்டும் இல்லை. நாக்கால் அதை அறிய இயலாது.

1795-ஆம் ஆண்டில் ஆங்கிலக் கடற்படை மாலுமிகளுக்கு லெமன் சாறு வழங்க ஆணை பிறந்தது. ஸ்கர்வி கடற்படையிலிருந்து ஏறக்குறைய மறைந்தது. பிறகுதான் மேற்சொன்ன சொற்குழப்பம் தன் வேலையைத் தொடங்கிற்று. 1860-களில் மத்தியதரைக் கடல் நாடுகளின் லெமனுக்குப் பதிலாக, தங்கள் ஆட்சியிலிருந்த மேற்கிந்தியத் தீவுகளின் லைம் பழத்தை அதிகாரிகள் வாங்கத் தலைப்பட்டனர். லைம்தான் புளிப்பு மிகுந்தது. புளிப்பே மருந்து என்று அவர்கள் நம்பினர். ஆங்கில மாலுமிகளுக்கு 'லைமி' என்ற கேலிப்பெயரும் நிலைத்தது. நீராவிக் கப்பல்களின் வேகத்தால் பயணங்கள் குறுகிவிட்டன. ஆகவே மாற்றத்தின் தீங்கு உடனே புலப்படவில்லை. 1875-ஆம் ஆண்டு நேர்ஸ் என்பவர் தலைமையில் வடதுருவம் நோக்கிச் சென்ற குழுவில் அது புலப்பட்டது. பல மாதம் லைம் சாறு பருகி வந்தவர்களே, பனிச்சறுக்கு வண்டிப் பயணத்தில் ஸ்கர்வி கண்டு விழுந்தனர். இதன் பயன் இன்னும் விபரீதமாயிற்று. பழச்சாறு காக்கும் என்ற கொள்கையே தவறு போலும் என்று மருத்துவர்கள் ஐயுறத் தொடங்கினர். கெட்டுப்போன இறைச்சியே நோய்க்குக் காரணம் என்றனர். கண்டறிந்த ஓர் உண்மை மீண்டும் காணாமற்போயிற்று.

இதற்கு நம் நாட்டவரும் விலை கொடுத்தனர். முதல் உலகப் போரில் மெஸபொடேமியாவில் போரிட்ட இந்தியப் படைவீரர் ஆயிரக்கணக்கில் ஸ்கர்விக்கு ஆளாயினர். 1918-இல் லண்டன் லிஸ்டர் நிலையத்தைச் சேர்ந்த ஹாரியட் சிக் என்ற பெண்மணியும் அவருடைய தோழியரும் உண்மையை மீட்டனர். புதிய லைம் சாற்றின் காக்கும் ஆற்றல் லெமன் சாற்றில் கால் பங்கே என்றும், பதப்படுத்தி வைத்த லைம் சாற்றுக்கு அதுவும் இல்லை என்றும் சோதனையால் காட்டினர். முளைகட்டிய பயறு ஸ்கர்வியைத் தடுக்கும் என்பதையும் அவர்கள் எடுத்துரைத்தனர். உலர்ந்த பயற்றில் இல்லாத அச்சத்து, முளைவிடும்போது அதில் உண்டாகிறது.

அவர்கள் சோதித்தது கினிப்பன்றிகளைக் கொண்டு. சீமைப் பெருச்சாளி என்று நம்மவர் அழைக்கும் இப்பிராணிக்கும் மனிதனைப் போலவே ஸ்கர்வி வரும் என்பதை 1907-இல் நார்வே நாட்டு அறிஞர்களான ஹோல்ஸ்ட், ஃப்ரோலிக் இருவரும் கண்டனர். பெரும்பாலான விலங்குகள் வைட்டமின் சி-யைத் தம் உடலிலேயே செய்துகொள்கின்றன. மனிதனும் கினிப்பன்றியும் குரங்குகளும் அவ்வாறு செய்ய இயலாதவை. எனவே ஒரு சாற்றின் ஆற்றலை அறிய, பிராணிகளுக்குப் பல வாரம் அதைப் புகட்டி, நோய் வருகிறதா என்று காத்திருக்க வேண்டும். ஒரு பழத்தை அளக்க ஒரு பருவமே கழிந்துவிடும்.

இதை நிமிடக் கணக்காக்கியது அந்தச் சத்தைத் தனியே பிரித்தெடுத்த வெற்றி. 1928-இல் கேம்பிரிட்ஜில் பணியாற்றிய ஹங்கேரி நாட்டவரான ஆல்பர்ட் ஸென்ட்-ஜார்ஜி, மாட்டின் அட்ரினல் சுரப்பியிலிருந்தும் ஆரஞ்சிலிருந்தும் முட்டைக்கோஸிலிருந்தும் ஒரு பொருளைப் பிரித்தார். அதன் இயல்பு முழுவதும் விளங்காததால், 'அறியேன்' என்ற பொருள்பட ஒரு விளையாட்டுப் பெயரை இட முயன்றதாகவும், இதழாசிரியர் அதற்கு இசையாததாகவும் அவரே பின்னாளில் நினைவுகூர்ந்தார். 1932-இல் அப்பொருளே வைட்டமின் சி என்பது உறுதியாயிற்று. அவ்வாண்டில் அமெரிக்காவில் சார்லஸ் கிங் என்பவரும் அதே முடிவை வெளியிட்டார். ஆராய்ச்சிக்கு வேண்டிய அளவு பொருளை ஸென்ட்-ஜார்ஜி தம் ஊரான ஸெகெடில் விளையும் குடைமிளகாய் வகையிலிருந்தே பெற்றார். ஸ்கர்வியைப் போக்குவது என்னும் கருத்தில் அஸ்கார்பிக் அமிலம் எனப் பெயரிடப்பட்ட அதன் அமைப்பைக் கண்டவர் ஹாவொர்த். இருவருக்கும் 1937-இல் நோபெல் பரிசுகள் வழங்கப்பட்டன.

அஸ்கார்பிக் அமிலத்தின் தனி இயல்பு யாதெனில், தன்னிடமுள்ள இரண்டு ஹைட்ரஜன் அணுக்களைக் கேட்டவர்க்கு உடனே கொடுத்துவிடுவது. காற்றிலுள்ள ஆக்ஸிஜன் கேட்டாலும் கொடுக்கும். சூடும் செம்பும் துணை நின்றால் இன்னும் விரைந்து கொடுக்கும். கொதித்த சாறும் செம்புப் பாத்திரம் பட்ட சாறும் ஆற்றல் இழந்தது இதனாலேயே. ஆனால் எந்தக் குணத்தால் அச்சத்து எளிதில் அழிகிறதோ, அதே குணத்தால்தான் அதை எளிதில் அளக்கவும் முடிகிறது. அயோடின் அதனிடம் ஹைட்ரஜனைக் கேட்டுப் பெறும் பொருள்களுள் ஒன்று. ஓர் அஸ்கார்பிக் அமில மூலக்கூறு, ஓர் அயோடின் மூலக்கூற்றை நிறமற்ற அயோடைடாக மாற்றிவிடும். அமிலம் இருக்கும் வரை அயோடினுக்கு அங்கே இடமில்லை. அமிலம் தீர்ந்ததும் விழும் முதல் மிகைத்துளி ஸ்டார்ச்சைத் தொட்டுக் கருநீலமாகிறது.

இந்த நீலத்துக்கும் ஒரு முன்வரலாறு உண்டு. 1811-இல் பிரான்ஸில் வெடியுப்புத் தொழில் செய்த கூர்த்துவா, கடற்பாசிச் சாம்பலிலிருந்து ஊதா ஆவி எழக் கண்டார், அதுவே அயோடின். 1814-இல் அது ஸ்டார்ச்சை நீலமாக்கும் என்பது தெரியவந்தது. கரைசலைச் சொட்டுச் சொட்டாக அளந்து விடும் கண்ணாடிக் குழாய்க்கு 1824-இல் பியூரெட் என்று பெயரிட்டவர் கே-லுஸ்ஸாக்; 1853-இல் அயோடின் வழி அளத்தலை ஒழுங்குபடுத்தியவர் புன்ஸன். ஆகவே வைட்டமின் சி கண்டுபிடிக்கப்பட்டபோது, அதை அளக்கும் கோல் எண்பது ஆண்டுகளாக மேசைமேல் காத்திருந்தது எனலாம். கல்லூரிகளில் இன்று ஒரு லிட்டருக்கு 0.005 மோல் செறிவுள்ள அயோடினைப் பயன்படுத்துவதுண்டு. அதன் ஒவ்வொரு மில்லி லிட்டரும் 0.88 மில்லிகிராம் வைட்டமின் சி-க்கு ஈடு. 25 மில்லி லிட்டர் சாற்றுக்கு 14 மில்லி லிட்டர் அயோடின் சென்றால், அச்சாற்றின் 100 மில்லி லிட்டரில் சுமார் 49 மில்லிகிராம் இருப்பதாகக் கொள்ளலாம்.

அளவுகோல் கைக்கு வந்ததும் அது நம் நாட்டுக் காய்கனிகளின் பக்கமும் திரும்பியது. நீலகிரியில் குன்னூரில், மெக்காரிஸன் 1918-இல் தொடங்கிய சிறு ஆராய்ச்சி, 1928-இல் ஊட்டச்சத்து ஆராய்ச்சிக்கூடமாக வளர்ந்திருந்தது. அவருக்குப்பின் தலைமை ஏற்ற அய்க்ராய்ட், இந்திய உணவுகளின் சத்துப் பட்டியலை 1937-இல் வெளியிட்டார். பின்னர் அப்பட்டியல் பல பதிப்புகளாக விரிந்தது. அதில் வைட்டமின் சி நிரலின் உச்சியில் நின்றது சீமைப் பழம் எதுவுமன்று, நம் நெல்லிக்கனியே. நூறு கிராமுக்கு 600 மில்லிகிராம் என்று அதற்கு எண் தரப்பட்டது. கொய்யாவுக்கு 212, முருங்கைக்கீரைக்கு 220, அகத்திக்கீரைக்கு 169. பழுத்த மாம்பழத்துக்கு 16 மட்டுமே.

அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்த செய்தியைப் புறநானூறு வழியாக அறிந்த நமக்கு இது பெருமிதம் தருவதுதான். ஆயினும் அறிஞர்கள் பெருமிதத்தோடு நிற்கவில்லை. உலர்ந்த நெல்லியிலும் சத்து ஏன் நெடுநாள் நிலைக்கிறது என்று வினவினர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாமோதரனும் நாயரும் 1936-இல் விடை கூறினர்: நெல்லியின் துவர்ப்பைத் தரும் டானின் என்ற பொருள் அச்சத்தைக் காக்கிறது. 1940-ஐ ஒட்டி ஹிஸார்ப் பஞ்சத்தில் ஸ்கர்வி கண்டவர்களுக்கு நெல்லி மருந்தாயிற்று. இரண்டாம் உலகப் போரின்போது படைவீரர்களுக்கும் நெல்லிப் பண்டங்கள் அனுப்பப்பட்டன. மெஸபொடேமியாவில் பட்ட கடன் ஒருவாறு தீர்ந்தது எனலாம். குன்னூர் ஆராய்ச்சிக்கூடம் 1958-இல் ஹைதராபாத்துக்கு மாறி, 1969-இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்ற பெயரைப் பெற்றது.

இங்கே ஓர் எச்சரிக்கையையும் கூற வேண்டும். அயோடின் நேர்மையானது, ஆனால் ஆள் அடையாளம் அறியாதது. ஹைட்ரஜனைக் கொடுப்பது அஸ்கார்பிக் அமிலமா, வேறு பொருளா என்று அது கேட்பதில்லை. துவர்ப்புப் பொருள்கள் மிகுந்த நெல்லி போன்ற கனிகளில் அவையும் அயோடினைச் செலவழிக்கக் கூடும். கணக்கு மெய்யளவுக்கு மேல் காட்டிவிடும். நுண்கருவிகள் ஒவ்வொரு பொருளையும் பிரித்து அளக்கும் இக்காலத்தில், அதே நிறுவனம் 2017-இல் வெளியிட்ட புதிய பட்டியலில் நெல்லியின் அளவு 252 மில்லிகிராம் என்றே காணப்படுகிறது. இனம், மண், பருவம், அளக்கும் முறை எல்லாம் எண்ணை மாற்ற வல்லவை. 600 குறைந்துவிட்டதே என்று வருந்த வேண்டியதில்லை. குறைந்த அந்த எண்ணிலும், எடைக்கு எடை பார்த்தால் நெல்லிக்கனி ஆரஞ்சைவிடப் பல மடங்கு சத்துடையது.

சித்தூர் மாவட்டம் மாம்பழத்துக்குப் பெயர் பெற்றது. கிளிமூக்கு போன்ற வடிவமுள்ள தோத்தாபுரி மாங்கனியைக் கூழாக்கி, சூட்டில் பதப்படுத்தி, வெளிநாடுகளுக்கு அனுப்பும் ஆலைகள் அங்குப் பல. என் மருமகன் புட்டியில் அடைத்த பழபானம் ஒன்றையும் சோதித்தான். புதிய சாத்துக்குடிச் சாற்றைக் காட்டிலும் அதற்கு அதிகத் துளி சென்றதும் எனக்கு வியப்பாயிருந்தது. அவன் சிரித்துக்கொண்டே புட்டியின் சீட்டைக் காட்டினான். நிறம் மாறாதிருக்க அஸ்கார்பிக் அமிலம் சேர்க்கப்பட்டிருப்பதாக அதில் அச்சிட்டிருந்தது. பழத்தில் விளைந்ததா, ஆலையில் சேர்த்ததா என்பதையும் அயோடின் அறியாது. அளப்பது கருவியின் வேலை. அளந்தது எதை என்று கேட்பது நம் வேலை.

ஊருக்குத் திரும்பியதும் என் பழைய மொழிபெயர்ப்பை எடுத்துப் பார்த்தேன். லைம் என்ற இடத்தில் எலுமிச்சை என்றே இருக்க விட்டேன். உருண்டையாய், மெல்லிய தோலுடன், கூடூர்ச் சந்தையிலும் நம் வீட்டுக் கொல்லையிலும் காண்பது அதுவே. லெமன் வந்த இடத்தில் சீமை எலுமிச்சை என்று எழுதி, தடித்த தோலும் காம்பெதிரே சிறு முனையும் உடையது என ஒரு வரி விளக்கமும் சேர்த்தேன். நம் எலுமிச்சைமேல் குற்றம் ஒன்றுமில்லை. புதிதாய்ப் பிழிந்த அதன் சாறு நல்ல உணவே. ஆற்றல் வேறான இரண்டை ஒன்றென்று கொண்டதும், வற்றவைத்ததையும் நாட்பட்டதையும் புதியதற்கு ஈடென்று நம்பியதுமே பிழைகள்.

மாநிலம் விட்டு மாநிலம் வந்து வாழும் நமக்கு இதில் நடைமுறைப் பயனும் உண்டு. ரசத்தை இறக்கிய பின் எலுமிச்சை பிழியும் நம் அன்னையரின் வழக்கம், அயோடின் சோதனைக்கு ஈடுகொடுத்து நிற்கும் வழக்கம். நறுக்கிய கனியை நெடுநேரம் காற்றில் வைக்காதீர்கள். ஆம்லா என்று கூவி விற்பது நம் நெல்லியே. கடைக்காரரிடம் தயங்காமல் கேட்டு வாங்குங்கள். பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால், பெரியவர் ஒருவர் உடனிருக்க, அடுத்த ஞாயிறன்று சிறிது கஞ்சித் தண்ணீரை எடுத்து வைத்து, துளிகளை எண்ணச் சொல்லுங்கள். சோதித்த சாற்றை மட்டும் யாரும் பருகலாகாது. அந்த நீலம் மறையாமல் நிற்கும்போது, லிண்ட் காண விரும்பியும் காண இயலாமற்போன ஒன்றை அப்பிள்ளைகள் கண்டிருப்பார்கள்.